தாயம் விழாமல் இறங்கிய காய்

மின்சாரம் போயிருந்த ஒரு மே மாதப் பிற்பகலில், எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டு, அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏன் தனித்தனிப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதை என் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. அமெரிக்காவைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை ஒன்றும் கிடையாது. எங்காவது கட்டம் போட்டிருந்தால் அதில் காய் வைக்காமல் இருக்க அவரால் முடியாது. அதனால்தான் வந்து உட்கார்ந்தார்.

ஊர், கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றைத் தாண்டி நான்கைந்து கல் தொலைவில். நான் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். அடுத்த பருவத்துக்கான சிமுலேஷன் பாடத்தை, அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் பாடத்தை, தயாரிக்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தபோது மின்சாரம் போனது. சிறிது நேரத்தில் மடிக்கணினியும் போனது. நடத்த வேண்டிய முதல் பாடத்துக்கு உண்மையில் கணினியே தேவையில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கட்ட ஆட்டத்தைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் முதலில் ஒரு விமானப் பயணத்தில் காகிதத்தில் குறிகளாகப் போட்டுப் பார்த்தார். பிறகு கட்டத்தில் நாணயங்களை வைத்து நகர்த்தினார். 1969-ல் சுருக்கமாகவும் 1971-ல் விரிவாகவும் அதை எழுதினார். 2005-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பரிசு மோதல், ஒத்துழைப்பு பற்றிய ஆட்டக் கோட்பாட்டுப் பணிக்காக. ஆனால் எங்களைப் போன்ற கணினிக்காரர்களுக்கு ஷெல்லிங் என்றால் இந்தக் கட்டமும் காசும்தான்.

எங்களிடம் காசுக்குப் பதில் சோழியும் புளியங்கொட்டையும் இருந்தன. அறுபத்து நான்கு கட்டங்களில் நான்கு மூலைகளை விட்டுவிட்டு, மற்ற அறுபதிலும் ஒன்று விட்டு ஒன்றாகச் சோழியும் கொட்டையும் வைத்தோம். விதி இவ்வளவுதான்: ஒவ்வொரு காயும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்க்கும். அண்டையில் ஒருவரோ இருவரோ இருந்தால் அதில் ஒருவராவது தன் இனமாக இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து பேர் என்றால் இருவர். ஆறு முதல் எட்டு என்றால் மூவர். அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தன் ஆட்கள் இருந்தால் போதும். மீதிப் பேர் யாராக இருந்தாலும் கவலையில்லை. இதைவிடப் பெருந்தன்மையான ஒரு தெருக்காரரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அந்த நிலையில் எல்லாக் காய்களுக்கும் திருப்தி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது காய்களை எடுத்துவிட்டு, ஐந்தைக் காலியிடங்களில் கண்டபடி வைத்தோம். இப்போது சில காய்களுக்கு அண்டை போதவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக, பக்கத்தில் எந்தக் காலிக் கட்டம் ஒத்துவருகிறதோ அங்கே நகர்த்த வேண்டும். ஒன்று கிளம்பினால் அது விட்டுப்போன இடத்தில் இன்னொன்று தனிமைப்படும். அத்தையின் ஆள்காட்டி விரல் காயைத் தொடாமல் மேலே ஓர் அங்குலம் நின்று, சுற்றி எண்ணிப் பார்த்து, பிறகு சட்டென்று தள்ளும். தாயம் ஆடுகிறவர்களின் விரல் அது. அரைமணி நேரத்தில் திண்ணையின் சுவரோரம் முழுக்கச் சோழி, தெருவோரம் முழுக்கக் கொட்டை. யாரும் யாரையும் வெறுக்கவில்லை, ஆனாலும் ஊர் இரண்டாகிவிட்டது. மாணவர்கள் வாயைப் பிளக்கும் இடம் இதுதான். நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் இந்த ஆட்டம் தயாராகவே இருக்கிறது. ஒவ்வொருவரும் 30 விழுக்காடு தன்னைப் போன்றவர்களைக் கேட்டால், கடைசியில் அண்டையில் சுமார் 70 விழுக்காடு தன் இனமாக வந்து நிற்கும். கேட்டது ஒன்று, கிடைத்தது அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல்.

அத்தை வாயைப் பிளக்கவில்லை. “ஏண்டா, தாயம் விழாமலே எல்லாக் காயும் இறங்குகிறதே, இது என்ன ஆட்டம்?” என்றார்.

தாயம் ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் கட்டையை உருட்டித் தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். மற்ற எண் எத்தனை விழுந்தாலும் காய் வெளியேதான் உட்கார்ந்திருக்கும். ஷெல்லிங்கின் கட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. காலியிடம் இருக்கிறது, காய்க்குப் பிடித்திருக்கிறது, போய் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுக்காரர் யார், முன்பணம் எவ்வளவு, பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள், எதுவும் கிடையாது. பத்து ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிற எனக்கு இது உறைக்கவில்லை. ஷெல்லிங்குக்குத் தெரிந்திருந்தது. சட்டம், அமைப்பு, பணம் ஆகியவற்றால் ஏற்படும் பிரிவினை வேறு; தனிமனிதர்களின் சின்னச் சின்ன விருப்பங்களால் மட்டும் எவ்வளவு பிரிவினை வரும் என்று பார்க்கிறேன் என்று அவர் எல்லை வகுத்துக்கொண்டுதான் தொடங்கினார். அவர் நாட்டிலேயே 1930-களில் அரசு அமைப்பு ஒன்று கறுப்பர்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று முத்திரை குத்தியிருந்தது. இனத்தைச் சொல்லி வீடு மறுக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 1968-ல்தான் வந்தது. அங்கும் தாயக்கட்டை ஒன்று உருண்டுகொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கட்டத்துக்கு வெளியே வைத்தார், அவ்வளவே.

மின்சாரம் வந்ததும் ஒரு வேலை செய்தேன். எங்கள் ஊரை அப்படியே கட்டத்தில் போட்டேன்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரைபடத்தை விளக்க வேண்டியதில்லை. பெருமாள் கோயிலை ஒட்டி அக்கிரகாரம். அதற்கடுத்துக் குடியானத் தெருக்கள், எங்கள் வீடும் அதில்தான். பிறகு வயல், ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் ஆதிதிராவிடர் தெரு. இன்றும் ‘காலனி’ என்றால் எங்கள் ஊரில் அதுதான். அந்தச் சொல் வசையாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லுக்கு இப்படி நேர்வது புதிதல்ல. சோழர் காலத்தில் சேரி என்றால் ஊரின் ஒரு பகுதி. உத்திரமேரூர்ப் பிராமணர்கள் வாழ்ந்ததும் பன்னிரண்டு சேரிகளில்தான். ஆனால் பிரித்து வைப்பது மட்டும் பழைய வழக்கமாகவே இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் வருவாய் ஒதுக்கிய ஊர்களின் கணக்கு அங்கே சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. வரி இல்லாத நிலம் என்று கழித்த இனங்களில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசையாக வரும். தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே கட்டம் போட்டு, காய் வைத்து, கணக்கும் எழுதி முடித்துவிட்டார்கள்.

1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே, அக்கிரகாரம், பிராமணர் அல்லாதார் தெருக்கள், சேரி என்ற மூன்று பிரிவுகளைக் கொண்டே அந்த ஊரை விவரித்தார். கிராமத்துக்கு அவர் புனைபெயர் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்து எந்த ஊரின் பெயரை அங்கே போட்டிருந்தாலும் பெரிய பிழை வந்திருக்காது.

சரி, நிரலுக்கு வருகிறேன். மூன்று நிறங்களில் எங்கள் ஊரைப் போட்டு, அதே மூன்றில் ஒரு பங்கு விதியைக் கொடுத்து ஓட்டினேன். ஓடவில்லை. பிழை என்று நினைத்து நிரலை இரண்டு முறை பார்த்தேன். பிழை இல்லை. முதல் சுற்றிலேயே அதிருப்தியில் இருக்கும் காய்களின் எண்ணிக்கை பூஜ்யம், எனவே ஆட்டம் முடிந்தது என்று அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே பிரிந்திருக்கும் தெருவில், எல்லையோரம் இருக்கும் வீட்டுக்குக்கூட எட்டு அண்டையரில் ஐந்து பேர் தன் ஆட்கள். எதிர்த்தரப்புக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மூலைவீட்டுக்கும் எட்டில் மூன்று. விதிக்கு அது போதும். திண்ணையில் ஒன்று விட்டு ஒன்றாகக் கலந்து வைத்திருந்தோமே, அந்த நிலையிலும் எல்லோருக்கும் திருப்திதான். ஆனால் இருபது காயை எடுத்ததும் அது சரிந்துவிட்டது. பிரிந்த ஊரில் நான் இருபது காயை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. கலப்பு கோலப்பொடி மாதிரி, ஒரு காற்றுக்குத் தாங்காது. பிரிவினை கல்வெட்டு.

இந்த இடத்தில் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இந்தியாவில் ஷெல்லிங்கை நடத்தும்போது, ‘அவரவர் தம் மக்களோடு வாழ விரும்புகிறார்கள், அதனால் இயல்பாகவே இப்படி அமைகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கலந்திருந்தது எப்படிப் பிரிந்தது என்பதற்கு அவர் சொன்ன ஒரு விடை அது. எங்கள் ஊர் எப்போது கலந்திருந்தது? விருப்பம் என்ற சொல்லை வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவர்களுக்குப் பயன்படுத்தவே முடியாது. அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டம் அவர்களுடையதே அல்ல. பண்ணையாட்களின் குடிசை மிராசுதாரின் மனையில் இருந்தது. கூலி கேட்டால் குடிசை போய்விடும். 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் குடிசை இருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. மகத்தான சட்டம். அதே சமயம், எந்த இடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்களோ அந்த இடத்துக்கே அது பட்டா கொடுத்தது. பின்னால் அரசு கட்டித்தந்த வீடுகளும் எங்கள் ஊரில் அதை ஒட்டியேதான் வந்தன. வேறு எங்கே நிலம் கிடைக்கும், யார் கொடுத்திருப்பார்கள்?

1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறில் கீழ்வெண்மணிக்குள் புகுந்தவர்கள் ஒரு குடிசையோடு 44 பேரை எரித்தார்கள். எரிக்க வேண்டிய தெரு எது என்று அவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்கிரகாரத்தின் கதை வேறு மாதிரி. அதை ஷெல்லிங் ஆட்டத்துக்கு உதாரணமாகக் காட்ட எனக்கே ஆசை வந்தது. எங்கள் ஊர் அக்கிரகாரத்தில் முதலில் ஒரு வீடு விற்கப்பட்டது, பிறகு இரண்டு, அப்புறம் சில ஆண்டுகளுக்குள் மளமளவென்று தெருவே கைமாறியது. அமெரிக்காவில் கறுப்பர்கள் ஓரளவுக்கு மேல் குடிவந்ததும் வெள்ளையர்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிடும் அந்தத் திருப்புமுனையைப் பற்றி மார்ட்டன் குரோட்ஸின்ஸ் 1957-லேயே எழுதியிருக்கிறார். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். ஆனால் எங்கள் அக்கிரகாரத்துக்காரர்கள் அண்டை வீட்டுக்குப் பயந்து கிளம்பவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலும் வேலைக்குப் போனார்கள், நிலம் கையை விட்டுப் போனது, கிழவர்கள் தனியே கிடக்க முடியாமல் கிளம்பினார்கள். முடிவுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைத்தான் இப்போது வகுப்பில் காட்டுகிறேன்.

கணக்கெடுப்பைக் கேட்டால் எல்லாம் கலந்திருப்பதாகத்தான் சொல்லும். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் சுமார் 34. மூன்றில் ஒருவர்! ஷெல்லிங்கின் காய் கேட்கும் அதே பங்கு. மாவட்டத்தையே குலுக்கிப் போட்டால் சராசரியாகப் பார்த்து யாருக்கும் குறை இருக்காது. கிராமம் என்ற ஒரே வரியில் ஊரும் காலனியும் சேர்ந்தே எண்ணப்படுவதால் அந்த வரியைப் படிக்கிறவருக்கு நடுவில் ஓடும் வாய்க்கால் தெரியாது. நகரங்களில் மட்டும் என்ன? 2001 கணக்கை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களை அலசிய வித்தயத்தில், சிங் ஆகியோரின் 2012 ஆய்வு, வசதியைவிடச் சாதியை ஒட்டித்தான் குடியிருப்புகள் அதிகம் பிரிந்திருக்கின்றன என்றது. அதுவும் வார்டு என்ற பெரிய சல்லடையில் சலித்த கணக்குதான்.

இனி என் வீட்டுக் கதை. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கும்பகோணத்துக்கு வெளியே, முப்பது ஆண்டுக்கு முன் நெல் விளைந்துகொண்டிருந்த ஒரு ‘நகரில்’ அப்பா வீடு கட்டியிருக்கிறார். கீழே அவரும் அம்மாவும், மாடி வாடகைக்கு. இப்படிப்பட்ட நகர்களில்தான் டெல்டாவின் முதல் உண்மையான ஷெல்லிங் கட்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாம் காலிமனை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பரம்பரைத் தெரு என்று ஒன்று இல்லை. அப்படியிருக்க, எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர் வீடு தேடிக்கொண்டிருந்தார். நானே அழைத்துப்போனேன். அம்மா காபி கொடுத்தார். அப்பா அவரிடம் பாடம், படிப்பு, சம்பளம் எல்லாம் விசாரித்தார். பிறகு, “எந்த ஊர் தம்பி?” என்றார். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார் அவர். அப்பா முகம் மலர்ந்தது. அந்த ஊரில் அவருக்குச் சம்பந்தி முறையில் ஆட்கள் உண்டு. “ஊரில் எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னார்.

அப்பா காபி டம்ளரை எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக் கீழே வைத்தார். “மாடிக்கு என் தங்கை மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வரவில்லை என்றால் சொல்லி அனுப்புகிறேன்” என்றார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, திண்ணையில் என்னோடு காய் நகர்த்தியவர். அவருக்கு இரண்டு மகள்கள். மகன் கிடையாது.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் பேசவில்லை. அந்த இளைஞர் காபியை முழுவதும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் அதை நம்பியதுபோல் நடித்தது எனக்காகத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். மாடி நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. அப்பாவை இந்த ஒரு காரியத்தை வைத்து எடைபோட்டுவிடாதீர்கள் என்று எழுத விரல் துடிக்கிறது. எழுதினால் அதையும் அந்த இளைஞர்தான் படித்துச் சகித்துக்கொள்ள வேண்டும்.

சோழிக்கும் கொட்டைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். டெல்டாவில் இரண்டு ஆட்களை அருகருகே நிற்க வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் தெருவைக் கேட்கிறார்கள். பிரித்து வைத்ததே அடையாளமாகி, அந்த அடையாளமே அடுத்த இடத்திலும் பிரித்து வைக்கிறது. வாய்க்காலைத் தாண்டி, படித்து, வேலைக்கு வந்து, காபி குடிக்கும்வரை வந்தவரை ஒரே கேள்வி மறுபடி வாய்க்காலுக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறது.

இதை நிரலில் எழுதிப் பார்த்தேன். காய்களிடமிருந்து விருப்பத்தை அடியோடு எடுத்துவிட்டேன். யாரும் யாரைப் பற்றியும் கவலைப்படுவதில்லை; வேலை மாற்றல், கல்யாணம், பிள்ளையின் பள்ளி என்று ஏதோ ஒரு காரணத்தால் கண்டபடி இடம் மாற நினைக்கிறார்கள். விதி காலிக் கட்டத்துக்குத்தான். அதைச் சுற்றியிருப்பவர்களில் பாதிப்பேராவது வருகிறவரின் நிறமாக இருந்தால்தான் அது திறக்கும். அத்தையின் நினைவாக அந்தச் செயற்கூற்றுக்குத் ‘தாயம்’ என்று பெயர் வைத்தேன். நன்றாகக் கலந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் சில நூறு சுற்றுகளில் நிறங்கள் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிட்டன. திரையில் பார்த்தால் ஷெல்லிங்கின் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஒன்றில் எல்லோரும் கொஞ்சம் விரும்பினார்கள். இன்னொன்றில் யாரும் விரும்பவே இல்லை, கதவு மட்டும் கேள்வி கேட்டது.

ஷெல்லிங் கட்டுரை வெளியான அதே 1971-ல், அதே ஆய்விதழில், ஜேம்ஸ் சகோடா என்பவரும் கட்டமும் காயும் வைத்த மாதிரி ஒன்றை வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. சகோடா அந்த முகாமுக்குள் இருந்தபடியே ஆய்வுக்குறிப்பு எடுத்தவர். அதன் தொடர்ச்சிதான் அவரது 1949 முனைவர் பட்ட ஆய்வும். அவர் பெயர் பெரும்பாலான வகுப்புகளில் வருவதில்லை. என் வகுப்பில் இந்த ஆண்டிலிருந்து வரும்.

கதவின் வாயை அடைக்க முயன்றவர்கள் உண்டு. 1997-ல் கலைஞர் அறிவித்த சமத்துவபுரத் திட்டம், கட்டத்தில் காயைக் கையாலேயே கலந்து வைத்தது. ஊருக்கு நூறு வீடு; 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர்கள். சிங்கப்பூர் 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் கட்டடத்துக்குக் கட்டடம் இன விகித உச்சவரம்பு வைத்திருக்கிறது; இப்போது இந்தியரும் பிறரும் ஒரு கட்டடத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அங்கே வீட்டை விற்கும் சிறுபான்மையினருக்கு வாங்கும் ஆள் குறைகிறார்கள் என்பது நியாயமான குறைதான். ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போய்க் குடியேறி, எதிர்வீட்டுச் சீனரோடும் மேல்வீட்டு மலாய்க்காரரோடும் வாழ்ந்து, அதைப் பெருமையாகவும் சொல்பவர்கள் பலர். அவர்களே விடுமுறைக்கு ஊருக்கு வந்து மனை பார்க்கும்போது, தரகரிடம் முதலில் கேட்பது அந்த நகரில் யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் மாடி மறுபடி காலியானது. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் வாசல் பலகையில் இப்போது என் எண் இருக்கிறது. நேற்று மாலை ஒருவர் அழைத்தார். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாம், மனைவி, ஒரு குழந்தை. எத்தனை பேர் என்று கேட்டேன், எப்போது வருவீர்கள் என்று கேட்டேன், தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றேன். அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“சார், எங்களுக்குச் சொந்த ஊர் நாச்சியார்கோயில் பக்கம்” என்றார். ஊரின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் இடைவெளி விட்டு, நான் கேட்காமலேயே, தெருவின் பெயரையும் சொன்னார்.